நியூயார்க் நடைபாதையில் தடுக்கி விழுந்தால்: கவனக்குறைவை நிரூபிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவீன்ஸ் பகுதி வழக்கறிஞர் அலுவலகங்களில் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். விபத்து நடந்து நான்கைந்து மாதங்கள் கழித்து, மருத்துவமனை பில்களை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், முதல் வாரத்திலேயே யாராவது இவர்களுக்கு விவரம் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. அதனால், திரும்பத் திரும்பக் காதில் விழும் ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இங்கே சொல்லப்படுபவை நியூயார்க் நகர எல்லைக்குள் நடக்கும் விபத்துகளுக்கு மட்டுமே பொருந்தும். நியூ ஜெர்சியிலும் லாங் ஐலண்டிலும் விதிகள் வேறு. நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் வழக்கின் விவரங்களை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அம்மா நடைபாதையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இதைவிட வேறு என்ன நிரூபிக்க வேண்டும்?

விழுந்ததும் அடிபட்டதும் மட்டும் போதாது. அந்த இடத்தைப் பராமரிக்கும் கடமை எதிர்த்தரப்புக்கு இருந்தது, அந்தக் கடமையில் அது தவறியது, அந்தத் தவறால்தான் அம்மா விழுந்தார், அதனால் அவருக்கு இழப்பு ஏற்பட்டது என்ற நான்கையும் வழக்குப் போடுபவர்தான் நிரூபிக்க வேண்டும். கடைசியானதை எக்ஸ்ரேயும் மருத்துவரின் குறிப்புகளும் காட்டிவிடும். பெரும்பாலான வழக்குகள் மற்ற மூன்றில்தான் தோற்கின்றன.

அவற்றிலும் கடினமானது இரண்டாவது. கல் உடைந்திருந்தது என்பதோடு வேலை முடிவதில்லை. அந்த உடைசலை எதிர்த்தரப்பே உண்டாக்கியிருக்க வேண்டும், அல்லது அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது கவனத்தோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லத்தக்க அளவுக்கு அது நீண்ட நாளாக அங்கே இருந்திருக்க வேண்டும்.

நடைபாதை பொது இடம்தானே? சிட்டி மேல்தானே கேஸ் போட வேண்டும்?

முன்பு பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. 2003 செப்டம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த நகர நிர்வாகச் சட்டத்தின் 7-210 ஆம் பிரிவு, நடைபாதையைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் கடமையையும் அதில் தவறினால் வரும் பொறுப்பையும் அதை ஒட்டிய கட்டடத்தின் உரிமையாளர் மீது சுமத்திவிட்டது. அடுக்குமாடிக் கட்டடம், கடை, அலுவலகம், வழிபாட்டுத்தலம் ஆகியவற்றின் முன்னால் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் உரிமையாளரைத்தான்.

ஒரு விலக்கு உண்டு. ஒன்று முதல் மூன்று குடும்பங்கள் வரை வசிக்கும் வீடாக இருந்து, உரிமையாளரும் அதில் குடியிருந்து, வீடு முழுவதும் குடியிருப்புக்காக மட்டுமே பயன்பட்டால், இந்தப் பிரிவு அவருக்குப் பொருந்தாது. அங்கே பொறுப்பு நகரத்திடமே நிற்கிறது. மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். மூன்று குடும்ப வீடுதான் என்றாலும் தரைத்தளத்தில் ஒரு கடை இருந்தால் விலக்கு போய்விடும்.

கட்டடத்தின் ஓனர் யார் என்று எப்படித் தெரியும்? கடைக்காரர் தாம் வாடகைக்கு இருப்பதாகச் சொல்கிறாரே?

மன்ஹாட்டன், குவீன்ஸ், புரூக்ளின், பிராங்க்ஸ் பகுதிகளின் பத்திரப் பதிவுகளை நகர நிதித்துறையின் ஏக்ரிஸ் இணையதளத்தில் முகவரி கொடுத்து யாரும் தேடலாம். ஸ்டேட்டன் ஐலண்டுக்கு ரிச்மண்ட் கவுண்டி கிளார்க் அலுவலகம். உரிமையாளராக ஒரு எல்.எல்.சி. (தனிமனிதருக்குப் பதிலாகச் சொத்தை வைத்திருக்கும் நிறுவனம்) பெயர் இருந்தால் அதுவே பிரதிவாதியாகும். பின்னால் இருக்கும் மனிதரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கடைக்காரரிடம் பராமரிப்பை ஒப்படைத்துவிட்டதாக உரிமையாளர் சொன்னாலும் பொறுப்பு அவரை விட்டுப் போகாது. கட்டடத்தைத் தாமே பயன்படுத்தாத உரிமையாளருக்கும் 7-210 இன் கடமை உண்டு, அதைக் கைமாற்றிவிட முடியாது என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் 2019 இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடைக்காரரே அந்த உடைசலை உண்டாக்கியிருந்தால் அவரையும் சேர்க்கலாம்.

விழுந்த அன்றே என்ன செய்ய வேண்டும்?

சிகிச்சை முதலில். அதற்கு அடுத்த வேலை படம் எடுப்பது. விழுந்தவரால் முடியாது, ஆகவே குடும்பத்தில் ஒருவர் அன்றைக்கே அந்த இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும். கதவு எண்ணும் கட்டட முகப்பும் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, நடந்து வந்த திசையிலிருந்து நடப்பவரின் பார்வையில் ஒன்று, பிறகு குனிந்து அந்த விளிம்பை மட்டும் பக்கவாட்டில் என்று எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் தாழ்ந்த கல்லின் மேல் ஓர் அளவுகோலை நிறுத்தி வையுங்கள். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்த படத்தில் இரண்டு அங்குல மேடும் தட்டையாகத்தான் தெரியும். எவ்வளவு உயரம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாமல் போகும். விழுந்த அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில் மறுநாள் இன்னொரு முறை எடுப்பதும் நல்லது.

அணிந்திருந்த செருப்பையோ ஷூவையோ கழுவாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள். கைகொடுத்துத் தூக்கிவிட்டவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள். எதிரே கேமரா இருந்தால், அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி எழுத்து மூலமாகக் கேளுங்கள்; பல கடைகளில் சில நாட்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடுகிறது. வழக்கு வரப்போகிறது என்று தெரிந்த பிறகும் எதிர்த்தரப்பு ஆதாரத்தை அழித்தால் நீதிமன்றம் அதற்குத் தண்டம் விதிக்க முடியும். அந்தக் கடிதம் கையில் இருந்தால் அதைக் காட்டுவது எளிது.

எமர்ஜென்சியில் டாக்டரிடம் பேசியதெல்லாம் கேஸுக்கு முக்கியமா?

மிகவும் முக்கியம், இதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்டு வாங்கும் ஆவணங்களில் ஆம்புலன்ஸ் குறிப்பும் அவசரப் பிரிவுப் பதிவேடும் அடங்கும். விழுந்தபோது உடன் இல்லாத மகனோ மருமகளோ அம்மாவுக்குப் பதிலாகப் பேசுகிறார்கள். சர்க்கரை உண்டா, தலைசுற்றல் உண்டா என்று செவிலியர் கேட்க, “சில நேரம் தலைசுற்றும்” என்று பழைய கதையைச் சொல்கிறார்கள். பதிவேட்டில் தலைசுற்றி விழுந்தார் என்று ஏறிவிடுகிறது. பிறகு உடைந்த கல்லைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எனவே அம்மாவையே பேச விடுங்கள். மருத்துவமனை இலவசமாக மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும். தமிழ் என்று கேட்டு வாங்குங்கள். எங்கே, எதில், எந்தக் கால் இடறியது என்பதை நடந்தபடி சொல்லச் செய்யுங்கள், ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். எதனால் விழுந்தேன் என்றே தெரியவில்லை என்று ஒருவர் பின்னர் சத்தியப்பிரமாண வாக்குமூலத்தில் சொன்னால், காரணம் வெறும் ஊகமாகிவிடுகிறது என்று கூறி நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்கின்றன.

எங்களுக்குத் தெரியவே தெரியாது என்கிறார்கள். தெரியும் என்று நாம் எப்படி நிரூபிப்பது?

நேரடியாகத் தெரிந்திருந்ததைக் காட்ட, பழைய புகார்கள், மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், நகரப் போக்குவரத்துத் துறை கொடுத்த நடைபாதைக் குறைபாட்டு நோட்டீஸ் ஆகியவை உதவும். அப்படி நோட்டீஸ் பெற்ற உரிமையாளருக்குச் சரிசெய்ய 75 நாட்கள் அவகாசம் உண்டு. உங்கள் விபத்துக்கு முன்பே அந்த நோட்டீஸ் போயிருந்தால், தெரியாது என்று அவர் சொல்வது எடுபடாது.

நேரடி ஆதாரம் இல்லையென்றால், தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டலாம். அதன் அளவுகோலை 1986 இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியக வழக்கில் வகுத்தார்கள். அருங்காட்சியகத்தின் முன்படிக்கட்டில் மெழுகு பூசிய ஒரு வெள்ளைத் தாளை மிதித்து ஒருவர் விழுந்தார். அருகிலிருந்த உணவு விற்பனை நிலையத்திலிருந்து அந்தத் தாள் வந்திருக்கும் என்று அவர் நம்பினார். குறைபாடு கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும், கண்டுபிடித்து அகற்றப் போதுமான நேரம் அது அங்கே கிடந்திருக்கவும் வேண்டும் என்றது நீதிமன்றம். விழுமுன் அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை; அது அழுக்காகவோ கசங்கியோ இருந்தது என்றும் விழுந்தவர் சொல்லவில்லை. சில நிமிடங்களுக்கு முன் பறந்து வந்ததாகவும் இருக்கலாம் என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். குப்பை விழக்கூடிய இடம் என்ற பொதுவான அறிவு போதாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அந்தத் தாளுக்குக் கேட்ட கேள்வியைத்தான் உங்கள் கல்லுக்கும் கேட்பார்கள். வெடிப்புக்குள் புல் முளைத்திருக்கிறதா, விளிம்பு மழுங்கிக் கறுத்திருக்கிறதா என்று படத்தில் தெரிந்தால் அது உடைசலின் வயதைச் சொல்கிறது. கூகுள் தெருக்காட்சியில் முந்தைய ஆண்டுகளின் படங்களும் கிடைக்கின்றன. அதே விரிசல் பழைய படத்திலும் இருந்தால், அதை நீதிமன்றம் ஏற்கும் முறையில் எப்படித் தாக்கல் செய்வது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கல் அரை அங்குலம்தான் தூக்கியிருந்தது. இவ்வளவு சின்னதுக்கெல்லாம் கேஸ் நிற்குமா?

அளவு மட்டுமே முடிவு செய்வதில்லை. நகரத்தின் 19-152 ஆம் பிரிவு, அடுத்தடுத்த கற்களின் உயர வேறுபாடு அரை அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் சரிசெய்ய வேண்டிய குறைபாடு என்கிறது. அதைத் தாண்டினால் வெற்றி உறுதி என்றோ குறைந்தால் தோல்வி உறுதி என்றோ பொருளில்லை. இத்தனை அங்குலம் என்று எல்லை வகுக்க முடியாது; அகலம், ஆழம், உயரம், ஒழுங்கின்மை, இடம், நேரம், சூழ்நிலை அனைத்தையும் பார்க்க வேண்டும் என்று 1997 இல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் சொன்னது. ஆனாலும் அரை அங்குலத்தைச் சற்றே தாண்டி எழும்பியிருந்த கல்லில் இடறிய அந்த வழக்கின் பெண்மணிக்கு நிவாரணம் கிடைக்கவில்லை.

2015 இல் அதே நீதிமன்றம், பிராங்க்ஸ் நடைபாதை ஒன்றில் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த உலோகத் துண்டைப் பற்றிய வழக்கைத் தள்ளிவிட்டு, அதனுடன் சேர்த்துக் கேட்ட வேறு இரண்டு வழக்குகளைத் தொடர அனுமதித்தது. சிறியதாக இருந்தாலும் நிழலிலோ கூட்டத்திலோ மறைந்து காலை வாரும் தன்மை உடையதா என்பதே பார்க்கப்படுகிறது. முன்னே சொன்ன மூன்று கோணப் படங்கள் இங்கேதான் கைகொடுக்கும்.

சிட்டி மேல் என்றால் 90 நாள் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

நகரத்தின் மேல் வழக்குப் போடுவதானால், விபத்து நடந்த 90 நாட்களுக்குள் நோட்டீஸ் ஆஃப் கிளெய்ம் என்ற உறுதிமொழியிட்ட அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். நகரத்தின் கணக்கு வழக்குகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகம் அதை இணையம் வழியாகவும் பெற்றுக்கொள்கிறது. பிறகு விபத்து நாளிலிருந்து ஓராண்டு 90 நாட்களுக்குள் வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தனியார் உரிமையாளர் மேல் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை, மூன்று ஆண்டு அவகாசம். உரிமையாளர் யார் என்று உறுதியாகத் தெரியாத நிலையில் இரண்டு வழியையும் திறந்து வைப்பதற்காகவே வழக்கறிஞர்கள் 90 நாள் அறிவிப்பை அவசரமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

அறிவிப்பில் இடத்தைத் துல்லியமாக எழுத வேண்டும். ரூஸ்வெல்ட் அவென்யூ, ஜாக்சன் ஹைட்ஸ் என்று மட்டும் எழுதினால் நகரத்தால் எந்தக் கல் என்று பார்க்க முடியாது. கதவு எண், குறுக்குத் தெரு, மூலையிலிருந்து எத்தனை அடி என்பதோடு படத்தையும் இணையுங்கள். பொது வீட்டுவசதி ஆணையமும் சுரங்க ரயில் நிறுவனமும் நகரத்திலிருந்து தனி அமைப்புகள்; கம்ப்ட்ரோலருக்குக் கொடுத்த அறிவிப்பு அவர்களுக்குக் கொடுத்ததாகாது. கெடு தவறிவிட்டால், தாமதத்தை ஏற்கும்படி ஓராண்டு 90 நாட்களுக்குள் நீதிமன்றத்தைக் கேட்கலாம், ஆனால் அனுமதிப்பது நீதிபதியின் விருப்புரிமை.

90 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. ஆனால் “முன்பே எழுத்தில் தெரிவிக்கவில்லை” என்று சிட்டி சொல்கிறதே?

இவை இரண்டும் வேறு வேறு அறிவிப்புகள். முந்தைய பதிலில் சொன்னது விபத்துக்குப் பின் நீங்கள் கொடுப்பது. இது விபத்துக்கு முன், அந்தக் குறிப்பிட்ட உடைசலைப் பற்றி யாராவது நகரத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. 1979 இல் வந்த 7-201 ஆம் பிரிவின்படி, அப்படிப் போக்குவரத்து ஆணையருக்கு எழுத்து அறிவிப்பு போய், 15 நாட்களுக்குள் சரிசெய்யாமல் விட்டிருந்தால்தான் நகரம் பொறுப்பாகும். நகரமே அந்தக் குறைபாட்டை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலும் போதும். நீண்ட நாளாக இருந்தது, தெரிந்திருக்க வேண்டும் என்ற வாதம் தனியாரிடம் செல்லும், நகரத்திடம் செல்லாது. என் கண்ணுக்கு இது விழுந்தவர்களுக்கு மிகக் கடுமையான விதி, ஆனாலும் அதை வைத்துத்தான் வழக்கை நடத்த வேண்டியிருக்கிறது.

இந்த விதியைச் சமாளிக்கத்தான் 1982 இல் மாநில வழக்கறிஞர் சங்கம் ஒன்று பிக் ஆப்பிள் என்ற குழுவை அமைத்து, தெருத்தெருவாக நடந்து, உடைசல்களைக் குறியீடுகளால் வரைபடத்தில் குறித்து நகரத்திடம் கொடுக்கத் தொடங்கியது. விரிசலுக்கு ஒரு குறி, எழும்பிய கல்லுக்கு வேறு குறி. வரைபடத்தின் குறி நீங்கள் விழுந்த குறைபாட்டோடு பொருந்த வேண்டும் என்று 2008 தீர்ப்பு சொல்கிறது. என்ன குறி என்றே புரியாத கிறுக்கல் அறிவிப்பாகாது. நகரமே வேலை செய்து அந்த இடத்தை உடனடியாக ஆபத்தாக்கியிருந்தால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் போட்ட ஒட்டு காலப்போக்கில் பெயர்ந்தது என்றால் அந்த விலக்கு உதவாது.

பக்கத்து வீட்டுக்காரர் நகரத்தின் புகார் எண்ணான 311க்கு போன் செய்து சொல்லியிருந்தாராம். அது போதாதா?

வெறும் தொலைபேசிப் புகாரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆல்பனி நகரத்தைப் பற்றிய வழக்கில், அந்த நகரம் பயன்படுத்திய இணையப் புகார்த் தளத்தில் பதிவானவை எழுத்து அறிவிப்பாகலாம் என்று 2024 இல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் தீர்ப்பளித்தது. அதனால் பழைய புகாரின் எண், தேதி, பதிவின் நகல் ஆகியவற்றைத் தேடி எடுத்து வழக்கறிஞரிடம் கொடுப்பது வீண்போகாது.

பனியில் வழுக்கி விழுந்தால்?

பனி பெய்துகொண்டிருக்கும்போதே அகற்ற வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. நின்ற பிறகு நான்கு மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்பது 16-123 ஆம் பிரிவு. இரவு 9 முதல் காலை 7 வரையான நேரம் அந்தக் கணக்கில் வராது. இரவு எட்டு மணிக்குப் பனி நின்று, காலை எட்டு மணிக்கு நீங்கள் விழுந்தால், கணக்குப்படி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. எனவே பனி எப்போது நின்றது என்பதே வழக்கின் உயிர். தேசிய வானிலைச் சேவையின் சான்றளிக்கப்பட்ட பதிவுகளை வைத்து அதை நிரூபிப்பார்கள். புதிய பனிக்கு அடியில் பல நாள் பழைய உறைபனி கெட்டியாகக் கிடந்தது என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறும்.

மரத்தின் வேர், இரும்பு மூடி, தெருமுனைச் சாய்தளம், இவற்றுக்கெல்லாம் யார் பொறுப்பு?

மரம் நிற்கும் மண்குழி 7-210 இல் சொல்லும் நடைபாதையின் பகுதியல்ல என்று 2008 இல் தீர்ப்பாகியிருக்கிறது; அங்கே விழுந்தால் நகரத்தின் பக்கம் பார்க்க வேண்டும். வேர் தூக்கிய கல் வேறு விஷயம். மரம் நகரத்துடையது என்பதற்காக மட்டும் கல்லின் பொறுப்பு கட்டட உரிமையாளரை விட்டுப் போவதில்லை. மின், எரிவாயு, தொலைபேசி நிறுவனங்களின் மூடிகளையும் அவற்றைச் சுற்றி 12 அங்குலம் வரையான பகுதியையும் அந்தந்த நிறுவனமே கவனிக்க வேண்டும். மூடியில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படம் எடுங்கள். தெருமுனைச் சாய்தளம் நகரத்துடையது.

போனைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். உண்மையைச் சொன்னால் கேஸ் போய்விடுமா?

போகாது. நியூயார்க்கில் உங்கள் பங்குத் தவறின் விகிதம் தொகையிலிருந்து கழிக்கப்படும், அவ்வளவுதான். இழப்பு ஒரு லட்சம் டாலர், உங்கள் தவறு 40 விழுக்காடு என்று ஜூரி முடிவு செய்தால் 60,000 டாலர் கிடைக்கும். பொய் சொல்லிக் கேமராப் பதிவில் மாட்டிக்கொண்டால், கல்லைப் பற்றி நீங்கள் சொன்ன உண்மையையும் ஜூரி நம்பாது.

நாங்கள் விழுந்த மறுவாரமே கல்லை மாற்றிவிட்டார்கள். அதுவே தப்பை ஒப்புக்கொண்டது போலத்தானே?

இல்லை. விபத்துக்குப் பின் செய்த பழுதுபார்ப்பைக் கவனக்குறைவுக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. காட்டலாம் என்றால் பயந்துபோய் யாரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள் என்பதுதான் காரணம். அந்த இடம் எங்கள் பொறுப்பே அல்ல என்று எதிர்த்தரப்பு மறுக்கும்போது மட்டும், பழுதுபார்த்தது யார் என்பதைக் காட்ட அது பயன்படும்.

வக்கீலுக்குக் கையில் பணம் கொடுக்க வேண்டுமா?

இத்தகைய வழக்குகளை ஜெயித்தால் பங்கு என்ற முறையில்தான் எடுக்கிறார்கள். வழக்கமான பங்கு மூன்றில் ஒன்று. ஆவணச் செலவும் நிபுணர் கட்டணமும் யார் பொறுப்பு என்பதைக் கையெழுத்திடும் முன் கேளுங்கள்.

அம்மா விசிட்டர் விசாவில் வந்தவர். கேஸ் போடலாமா? ஊருக்குத் திரும்பிவிட்டால் என்ன ஆகும்?

போடலாம். விழுந்தவரின் விசாவைப் பொறுத்து நடைபாதையைப் பராமரிக்கும் கடமை மாறுவதில்லை. உரிய ஆவணங்கள் இல்லாமல் வேலை செய்தவரும் இழந்த ஊதியத்தைக் கோரலாம் என்றே 2006 இல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் தீர்ப்பளித்தது.

சிக்கல் வாக்குமூலத்தில்தான். நகரத்தின் மேல் கோரிக்கை என்றால், வழக்குப் போடும் முன் 50-எச் விசாரணைக்கு, அதாவது நகரத் தரப்பு சத்தியப்பிரமாணத்தின் பேரில் கேள்வி கேட்கும் விசாரணைக்கு, அழைப்பார்கள்; அழைத்தும் அதை முடிக்காமல் வழக்கைத் தொடங்க முடியாது. எனவே அம்மா ஊருக்குப் போகும் தேதியை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லி, அந்த விசாரணையைப் பயணத்துக்கு முன் வைக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் அவர் நாட்டுக்கு வெளியே இருந்தால், முறைப்படி முன்பே பதிவு செய்த அவருடைய வாக்குமூலத்தைப் பயன்படுத்த இடமுண்டு. எலும்பு மருத்துவரின் இந்திய அறிக்கைகள், பிசியோதெரபி ரசீதுகள் ஆகியவற்றையும் தேதிவாரியாகச் சேர்த்து அனுப்பிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.